உழக்கிப் போகும் விடுமுறை: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழர் குறித்த முதற்கட்ட ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

இங்கிலாந்தில் ஒரு வகை விடுமுறை உண்டு. குடும்பமாகக் காசு கட்டி, ஐந்தாறு நாள் வெயிலிலும் தூறலிலும் சைக்கிள் உழக்குவார்கள். காலையில் ஒரு கிராமம், மத்தியானம் ஒரு பழைய தேவாலயம். பின்னேரம் பைபரி என்ற ஊருக்குப் போய், ஆர்லிங்டன் வரிசை வீடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றிய வீடுகள் அவை. இரவுக்குச் சத்திரம். உடுப்புப் பெட்டிகளை ஒரு வான் முன்கூட்டியே கொண்டுபோய் அங்கே இறக்கியிருக்கும்.

இந்தச் செய்தியை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் விளக்கினால் எழும் முதல் கேள்வி, "காசு குடுத்தோ?" என்பது. அந்தக் கேள்வியே இந்த ஆய்வின் தோற்றுவாய்.

மேற்படி விடுமுறையை அறுத்துப் பார்த்தால் நான்கு உறுப்புகள் கிடைக்கின்றன: வாகனம், வழி, தங்குமிடம், பொதி சுமக்கும் வண்டி. நான்கும் கொழும்புத் தமிழரிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அப்படியானால் அவர்கள் ஏன் புறப்படவில்லை? ஐந்தாவது உறுப்பு ஒன்று குறைகிறது. அதைக் கண்டுபிடித்து உரியவரிடம் ஒப்படைப்பதே நோக்கம்.

2. முன்னோர் செய்தவை

இத்துறையின் மூல நிறுவனம் 1878இல் ஹரோகேற் நகரில் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாக் கழகம். அப்போது கிராமத்துச் சத்திரக்காரர்கள் புழுதியோடு வந்திறங்கும் சைக்கிள்காரரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். கழகம் அவர்களோடு பேசிக் கட்டணத்தை ஒழுங்கு செய்தது. உடன்பட்ட சத்திரங்களின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னம் தொங்கியது.

சின்னம் தொங்கிய இடத்திலும் வம்பு வந்தது. 1898 ஒக்ரோபரில் சரே மாகாணத்தின் ஒக்கம் கிராமத்துச் சத்திரத்துக்கு ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் போய் இறங்கினார். உடுத்திருந்தது பாவாடை அல்ல. முழங்காலுக்குக் கீழே கட்டும் தொளதொளத்த காற்சட்டை. கோப்பி அறைக்குள் விட முடியாது, மதுச்சாலைப் பக்கத்து அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம் என்றாள் விடுதிக்காரி. கழகம் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு தோற்றது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமும் ரியூசனும் முடித்துப் பெண்பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வீடு திரும்பும் காட்சியை அந்த நீதிமன்றத்துக்குச் சான்றாகக் காட்ட அன்றைக்கு ஒருவரும் இல்லாமற்போனது வரலாற்றின் குறை.

இலங்கையும் இந்த ஆய்வுப் பரப்புக்கு வெளியே நிற்கவில்லை. 1890களின் இறுதியில் ஃபனி புல்லக் வேர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் கணவரும் இங்கே சைக்கிளில் சுற்றினார்கள். பிறகு இந்தியாவுக்குள் போய், எல்லாமாக 14,000 மைல் உழக்கியதாக 1904இல் புத்தகமும் போட்டார்கள். ஆகவே இந்த மண்ணில் இது முடியாத காரியம் என்ற வாதம் 120 ஆண்டுகளுக்கு முன்பே அடிபட்டுப் போயிற்று.

3. முதலாம் உறுப்பு: வாகனம்

சைக்கிளை இங்கிலாந்து கண்டுபிடித்துக் கொடுத்தது என்று சொல்லித் தலைகுனிய வேண்டியதில்லை. 1885இல் கொவென்றியில் ஸ்ராலி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான 'றோவர்' சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் வாங்கினார். அந்த ரயருக்கு றப்பர் வேண்டும். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேர் பிடித்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலைப் பக்கமெல்லாம் றப்பர் தோட்டம். பால் வெட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர் ஏராளம். இங்கிலாந்துக் கிராமத்தில் குலுங்காமல் ஓடிய சைக்கிளுக்கு அடியில் நம்மவர் வியர்வையும் இருந்திருக்கும் என்று ஆய்வு துணிந்து கூறுகிறது. பங்குலாபம் ஏதும் வந்து சேரவில்லை.

இன்றைய நிலவரம்: பாணந்துறையில் செய்யும் லுமாலா சைக்கிளும் இந்தியாவிலிருந்து வந்த ஹீரோவும் புறக்கோட்டை டாம் வீதிக் கடைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். அந்த மாதங்களில் கழுத்துப்பட்டி கட்டிய கனவான்கள் காலி வீதியில் சைக்கிளில் அலுவலகம் போனார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் மொட்டைமாடிக்கு ஏறியது. ஆகவே வாகனப் பற்றாக்குறை கிடையாது. தூசிதான் அதிகம்.

மொட்டைமாடியிலிருந்து அதை இறக்குவது ஒரு தனிக்கலை. வெள்ளவத்தை லிஃப்ற் நாலு பேருக்கென்று எழுதியிருக்கும். மூன்று பேர் மட்டும் பிடிக்கும். சைக்கிளை அதற்குள் படுக்கையாகக் கொண்டுபோக வழியில்லை. முன்சில்லைத் தூக்கி நிமிர்த்தி, பின்சில்லில் நிற்க வைத்து, ஹாண்டிலை ஒருபக்கம் ஒடித்து, கொண்டுபோகிறவர் சீற்றைக் கட்டிப்பிடித்தபடி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கதவு சாத்தும். மூன்றாம் மாடியில் மரக்கறிப் பையோடு ஓர் அம்மா ஏறப் பார்ப்பார்.

4. இரண்டாம் உறுப்பு: வழி

பிரித்தானியர் 1995இல் லொத்தர்ப் பணத்தில் தேசிய சைக்கிள் பாதை வலைப்பின்னலுக்குத் திட்டம் போட்டார்கள். கொழும்பில் அதற்குச் சமமான ஒன்றை 1804இலேயே வெட்டி முடித்திருந்தார்கள், தண்ணீர் ஓடுவதற்காக. ஊர் அதை ஒல்லாந்தர் கால்வாய் என்கிறது. களனி ஆற்றுப் பக்கமிருந்து நீர்கொழும்புக் களப்பு வரை 14.5 கிலோமீற்றர் ஓடும் இந்த வாய்க்காலை வெட்டியவர்கள் ஆங்கிலேயர். ஏட்டில் உள்ள பெயரும் கவின் ஹமில்ரன் என்ற அவர்களுடைய அதிகாரியுடையது. ஒல்லாந்தர் வெட்டிய வேறு வாய்க்கால்கள் இருந்ததால் இதன் புகழையும் அவர்களே அள்ளிக்கொண்டார்கள்.

பரிந்துரைக்கும் வழி இது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பிடித்து, ஒருபக்கம் ரயில் பாதையும் கடலுமாகக் கொள்ளுப்பிட்டி வரை. காலிமுகத்திடல், கோட்டை, கொச்சிக்கடை தாண்டினால் கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதியில் ஒரு பிளேன்ரீ. மட்டக்குளிப் பாலத்தால் களனி ஆற்றைக் கடந்தால் ஹெந்தளை, பமுணுகமை என்று கால்வாய் கூடவே வரும். வலப்பக்கம் முத்துராஜவெலச் சதுப்பு. கொக்கும் நீர்க்காகமும் இலவசம். நீர்கொழும்பில் மணலில் பாய் விரித்துக் காயும் கருவாட்டின் வாசம் ஊர்ப் பலகைக்கு முன்பே வரவேற்கும்.

அங்கிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவால் சிலாபம், முன்னேஸ்வரம். சற்று மேலே திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற தமிழ் மீனவக் கிராமம் உடப்பு. பிறகு உப்பளமும் கழுதையுமாகப் புத்தளம். பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் ஒல்லாந்தர் 1676இல் கட்டி முடித்த கோட்டையோடு கற்பிட்டி. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு 37 கிலோமீற்றர், சிலாபம் ஏறக்குறைய 80, புத்தளம் ஏறக்குறைய 130. பழைய ஊருக்குப் பழைய ஊர், தேவாலயத்துக்குக் கோயில், மதுச்சாலைக்குச் செவ்விளநீர்.

ஏற்றம் பற்றி ஒரு குறிப்பு. பைபரியைச் சூழ்ந்த கொட்ஸ்வோல்ட்ஸ் மலைத்தொடரின் உச்சியான கிளீவ் குன்று 330 மீற்றர். புத்தளம் வீதியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்கள்தாம். தனியார் பஸ் இடப்பக்கத்தால் முந்தும்போது சைக்கிள்காரரின் நெஞ்சுக்குள் ஏறுவது இந்தக் கணக்கில் சேராது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று முதுகில் அடிக்கும். கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருவதும் இதே காற்றை நம்பித்தான். வடக்கே போவதற்கு அது உதவி. திரும்பி வருவதற்கு லொறி உதவி.

5. மூன்றாம் உறுப்பு: தங்குமிடம்

இங்கிலாந்துச் சத்திரத்தில் படுக்கையும் காலைச் சாப்பாடும் தருவார்கள். ஒன்பது மணிக்குக் கணக்கு முடிந்தால் யாரும் மறிக்கமாட்டார்கள். இங்கே சத்திரத்துக்குப் பெயர் மாமி வீடு. கொட்டாஞ்சேனைக்காரருக்கு நீர்கொழும்பிலும் சிலாபத்திலும், வெள்ளவத்தைக்காரருக்கு வழியெங்கும் யாரோ ஒருவரின் சம்பந்தி வீட்டிலும் இடம் உறுதி. சிக்கல் காலையில் தொடங்கும்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறாய் தம்பி?"

"விடிய அஞ்சு மணிக்கு மாமி."

"அப்ப நாலு மணிக்குப் புட்டு அவிக்கிறன்."

நாலு மணிக்குப் புட்டு அவியும். ஐந்துக்கு மீன்குழம்பு கொதிக்கும். ஆறுக்கு முட்டைப்பொரியல். ஏழரைக்குப் பக்கத்து வீட்டார் பார்க்க வருவார்கள். எட்டுக்கு, "உன்ர கொப்பர் இப்பிடியே சாப்பிடாமல்தான் மெலிஞ்சு போனவர்" என்ற வரலாற்றுப் பகுதி. பத்து மணிக்குப் பெல்ற்றில் ஒரு துளை தளர்த்திச் சைக்கிளில் ஏறினால் வெயில் உச்சந்தலையில் நிற்கும். இதிலிருந்து பெறப்படும் விதி: ஒருவர் ஒருநாளில் கடக்கும் தூரம், கால் வலிமையிலிருந்து உறவினர் அன்பைக் கழித்தால் வரும் மிச்சம். அன்பு மிகுந்த குடும்பங்களில் இது பூச்சியத்துக்குக் கீழே போகும். அன்றைக்கும் அங்கேயே தங்க நேரும்.

வழியில் காற்றுப் போனால் கவலை வேண்டாம். சிலாபம் வீதியில் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு. கடைக்காரர் ரியூபை இழுத்து, காற்றடித்து, பேசினில் இருக்கும் கறுத்த தண்ணீரில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டு போவார். குமிழி எழும்பும் இடத்தில் பென்சில் குத்து. அரத்தாளால் தேய்த்து, சொலூஷன் பூசி, வாயால் ஊதி, ஒட்டை வைத்துச் சுத்தியல் பிடியால் இரண்டு தட்டு. அந்த நேரத்துக்குள் எந்த ஊர், எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்பதெல்லாம் கேட்டு முடித்திருப்பார். மூன்றாவது கேள்விக்குத்தான் விடை வராது.

6. நான்காம் உறுப்பு: பொதி

இதில் நம்மவர் இங்கிலாந்தை எப்போதோ மிஞ்சிவிட்டார்கள். வெள்ளவத்தையில் இரவு பஸ் வெளிக்கிடும் நேரத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். ஆள் போகாவிட்டாலும் பொதி யாழ்ப்பாணம் போகும். மருந்து, பலகாரப்பெட்டி, கலியாணக் கார்ட், மடிகணினி எல்லாம் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி நடத்துநர் கையில். இத்தனை திறமை படைத்த சமூகத்துக்கு நாலு உடுப்புப் பையைச் சிலாபத்தில் இறக்குவது ஒரு வேலையா?

7. குறையும் உறுப்பு

வாகனம், வழி, வீடு, வண்டி எல்லாம் சரி. பிறகும் யாரும் போகாததன் காரணம், தேவையில்லாமல் சைக்கிளில் போகிறவரை இங்கே எந்த வகைக்குள்ளும் அடக்க முடியாதிருப்பது. "ஏன், வான் ஒண்டு பிடிச்சிருக்கலாமே?" என்று தொடங்கி, தொழில் படுத்துவிட்டதா, டொக்டர் சொன்னாரா, சைக்கிள் சின்னத்தில் தேர்தல் கேட்கிறாரா என்று விசாரணை வளரும்.

இந்தச் சந்தேகத்துக்கு ஞாயமான வேர் உண்டு. போர்க்காலத்தில், 1990இலிருந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரசு பெற்றோல் போக விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நோயாளி, சந்தைக்கு விறகு, தாலி கட்ட மாப்பிள்ளை, எல்லாம் சைக்கிளில்தான். ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டபோது, இருட்டில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, கூட ஏற்றிய சைக்கிளை அக்கரையில் இறக்கி வவுனியாப் பக்கம் உழக்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதுவும் பலநாள் சைக்கிள் பயணந்தான். உயிர் தப்பிக் கொழும்புக்கு வந்து, மாடிவீடு வாங்கி, வான் வைத்திருக்கும் ஒருவரிடம் அதையே பொழுதுபோக்காகச் செய்யச் சொன்னால் அவர் முறைப்பது இயல்பு.

ஆனால் அதே சமூகம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை, ஏறக்குறைய நாட்டின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, வாரக்கணக்கில் காலால் நடக்கிறது. கொப்புளத்தோடு காட்டில் படுத்தெழும்புகிறது. வான் பிடித்திருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. காரணம் ஒரு சொல்லில் அடங்குகிறது: நேர்த்தி.

8. தீர்ப்பும் பரிந்துரையும்

ஐந்தாம் உறுப்பு கண்டுபிடிக்கப்பட்டது. கொழும்புத் தமிழருக்குக் குறைவது சைக்கிளும் அல்ல, பாதையும் அல்ல. அயலவருக்குச் சொல்ல ஒரு காரணம். ஓகஸ்ட் மாதத்தில் அது தாராளமாகக் கிடைக்கிறது. முன்னேஸ்வரத் திருவிழாவும், கற்பிட்டிக்குப் போகும் வழியில் தலவில அன்னம்மாள் பெருநாளும் அந்த மாதத்தை ஒட்டியே வருகின்றன. சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் தனித்தனியே காரணம் உண்டு, காற்றோ இருவருக்கும் பொது.

ஆகவே புறப்பட விரும்புவோர் விடுமுறை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். நேர்த்தி என்று சொல்லுங்கள். ரயருக்குக் காற்றடித்து, மேலதிகமாக ஒரு ரியூபும் தண்ணீர்ப் போத்தலும் கட்டிக்கொண்டு, விடிய நாலரைக்கு வெளிக்கிடுங்கள். நீர்கொழும்பு மாமிக்கு மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு அறிவித்தால் போதும்.