கோட்டு போட்ட பயோடேட்டா

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் ஆள் எடுக்கும் சீட்டில் இருப்பதால் எனக்கு ஓர் உண்மை தெரியும்: தமிழ்நாட்டு இளைஞர்கள் அத்தனை பேருக்கும் ஒரே லட்சியம். சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தோடு தானும் வளர்வது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணன் என்றைக்கோ டைப் அடித்து வைத்த லட்சியம் அது. பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துத் தருவார். அவசரத்தில் அதையும் மறந்துவிடுவதுண்டு. மேலே முருகேசன் என்றிருக்கும். கீழே ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று உறுதி சொல்பவர் கார்த்திகேயனாக இருப்பார். ஒரே சாமிதானே என்று விட்டுவிடுவேன்.

போட்டோவில் எல்லாருக்கும் கோட்டு. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிடும் கோட்டு. கழுத்து ஒரு பக்கம் போக, டை இன்னொரு பக்கம் போகும். சித்திரை வெயிலில் லேத்துக்கு முன்னால் நிற்கப் போகிறவருக்கு எதற்கய்யா அது? அப்புறம் அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆயிற்றா இல்லையா. ராசிக் கட்டமும் போட்டிருந்தால் கையோடு பெண் பார்த்துவிடலாம். பலவீனம் என்ற இடத்தில் ‘எல்லாரையும் எளிதில் நம்பிவிடுவேன்’. பிரவுசிங் சென்டரை நம்பினதிலேயே தெரிகிறது.

வேலை கேட்டு எழுதுவதில் லியோனார்டோ டா வின்சி கெட்டிக்காரர். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய விண்ணப்பத்தில், தூக்கிக்கொண்டு போகிற பாலம், பீரங்கி, மூடு வண்டி என்று போர்ச் சாமான்களாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று யோசித்த மனுஷன். நம்மவர்கள் எதிராளிக்கு வேண்டியதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

அண்மையில் ஒரு பையனின் தாள். பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது, கிரிக்கெட், காயில் வைண்டிங். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியின் சுற்றை எண்ணி, அதே கேஜில் புதுக் காப்பரைச் சுற்றி ஸ்லாட்டில் இறக்கத் தெரிந்த ஆளுக்கு நாங்கள் நாயாக அலைந்துகொண்டிருந்த நேரம்.

“தம்பி, இதை எதுக்குப் பொழுதுபோக்குல போட்டீங்க?”

“அது எங்கப்பா கடைங்க சார். சம்பளம் கெடையாதுங்க. வேலைன்னு எப்படிங்க போடறது?”

நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் ஃபைலுக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டுமே. அப்பாவிடமே வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் கடை பில் புத்தகத்தில் கிழித்த தாள் வந்தது, கிரீஸ் கைரேகையோடு. ‘பையன் காலையில் எழுந்திருக்க மாட்டான். கட்டின காயில் திரும்பி வந்ததில்லை.’

இத்தனை வருஷத்தில் நான் முழுசாக நம்பிய ஒரே சான்றிதழ். பையனை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வேண்டாம் என்று ஜெனரல் ஷிஃப்டில் போட்டுவிட்டோம்.