நாயை எண்ணியாயிற்று, நாங்கள் எப்போது?

அனுப்புநர்:
பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் லோடுமேன் ஒருவன்,
வீரகேரளம்புதூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: குடும்பத்தை மறுபடி அறிமுகம் செய்துகொள்வது தொடர்பாக.
பார்வை: தங்களது 2011-ஆம் ஆண்டு வருகை.

ஐயா,

போன தடவை நீங்கள் ஆளனுப்பியபோது எனக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஒரு மாவட்டமே பிறந்து நடமாடுகிறது, உங்கள் ஏட்டில் அதற்கு இன்னும் பெயர் விழவில்லை. என் அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. உங்கள் கணக்கில் திடகாத்திரமாக இருக்கிறார். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் கணக்கில் அவள் பிறக்கவே இல்லை. அவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ கணக்குப் பரீட்சையும் எழுத வேண்டாமாப்பா?" என்கிறாள்.

என் மனைவி பீடி சுற்றுகிறாள். இலையை நனைத்து, ஈரச்சாக்கில் பொதிந்து, கத்தரித்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை சுற்றுவாள். கடையில் கொண்டுபோய்ப் போட்டால் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இப்படிப்பட்டவளை 'வீட்டு வேலை' என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. இந்தத் தடவை எழுதுகிறவர் யோசித்து எழுதட்டும். அவள் பக்கத்திலேயே இருப்பாள், கையில் கத்தரிக்கோலும் இருக்கும்.

அடுத்து ஜமீன். எங்கள் நாய். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊத்துமலை ஜமீனின் அரண்மனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆனால் நாய்க்கு அந்தப் பெயர் வந்தது ஊர்ப் பெருமையால் அல்ல. ஒரு வேலையும் செய்யாமல் மூன்று வேளை சாப்பிடுவதால். சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது 1948-இல். உங்கள் சென்சஸ் சட்டமும் அதே 1948. இரண்டுமே எங்கள் வீட்டுப் பக்கம் சரியாக அமலாகவில்லை.

ஜமீனின் சேட்டையை எழுதினால் உங்கள் 33 கேள்விப் படிவம் போதாது. பீடி நூல்கண்டைக் கவ்விக்கொண்டு தெருக்கோடி வரை ஓடும். பின்னாலேயே நூல் பிரிந்து தெருவில் வேலி கட்டியிருக்கும். ஈரச்சாக்கைக் குளிர்ச்சியாக இருக்கிறதென்று மெத்தையாக்கிப் படுக்கும். பக்கத்து வீட்டு அத்தை காயப்போட்ட கருவாட்டுக்கு இரவுக்காவல் இருக்கும். விடிந்தால் காவல் மட்டும் இருக்கும். திருடன் வந்தால் வாலை ஆட்டும். கையில் பேப்பரோடு யாராவது வந்தால் மட்டும் குரைக்கும். இதை அரசு விரோதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்பேர்ப்பட்ட ஜமீனை அரசாங்கம் எண்ணிவிட்டது, ஐயா. 2024 அக்டோபர் 25-இல் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் ஆள் வந்து, மொபைல் ஆப்பில் குறித்துக்கொண்டு போனார். என்ன இனம் என்றார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்தப் பக்கத்துச் சரக்குதானே, எதையாவது சொல்லி வைப்போமா என்று எனக்கு ஒரு சபலம். "நாட்டு நாய்னு போடுங்க" என்றாள் மனைவி. போட்டுக்கொண்டார், ஒரு ஊர்வலம் இல்லை, ஒரு வழக்கு இல்லை. 1931-க்குப் பிறகு நீங்கள் முழுசாகச் சாதிக்கணக்கு எடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். ஜமீன் உங்களை முந்திக்கொண்டது.

நீங்கள் எங்களை எண்ணிவிட்டுப் போன பிறகு கால்நடைகளை 19, 20, 21 என்று மூன்று தடவை எண்ணியாகிவிட்டது. நாட்டில் தெருநாய் 1.53 கோடி என்று 2019 கணக்கு புள்ளி வைத்துச் சொல்கிறது. மனுசர் எத்தனை என்று கேட்டால் 'உத்தேசமாக' என்கிறீர்கள். 1941-இல் உலகப்போர் நடுவிலும் வெள்ளைக்காரன் தலையை எண்ணினான். 2021-இல் கொரோனா, சரி. அது போன பிறகும் நீங்கள் வரவில்லை. 2023-இல் சீனாவை முந்திவிட்டோம் என்று ஐ.நா. சொன்னது, எண்ணாமலே ஜெயித்த பந்தயம் அது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் யார் யாருக்கு இடம் என்பதற்கு மட்டும் இன்றைக்கும் 2011 கணக்குதான். இடையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பசிக்காது போலிருக்கிறது.

"நாய எண்ணிட்டுப் போயிட்டாவ, நம்மள எப்போ எண்ணுவாவ?" என்று மனைவி கேட்கிறாள். 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறீர்கள் என்றேன். "அதுக்குள்ள ஜமீனை இன்னொருக்க எண்ணிருவாவ" என்கிறாள்.

வருகிறவருக்கு இரண்டு தகவல். எந்தத் தானியம் அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு ரேஷன் அரிசி. ஜமீனுக்கும் அதுதான், மீன்குழம்பு ஊற்றினால். இரண்டாவது, செருப்பை வாசலில் கழற்றாமல் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால்நடைக் கணக்கெடுப்புக்காரர் ஒற்றைச் செருப்போடு தெருவில் நடந்து போனதை ஊரே பார்த்தது.

இப்படிக்கு,
2011-இல் எண்ணப்பட்டவன்.

இணைப்பு: இடதுகால் செருப்பு ஒன்று (முன்பக்கம் கடிபட்டது). உரிய துறைக்கு அனுப்பி வைக்கவும்.