பலகார மணத் தேநீர்: ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

மூங்கில்துறைப்பட்டில் ஒன்றும் கச்சிராயபாளையத்தில் ஒன்றுமாக இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைத் தன்னகத்தே கொண்டு, ஆலைக்குப் போகாத கரும்பையும் வீணாக்காமல் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி வெல்லமாக்கும் கிராமங்களையும் உடைத்தாயிருக்கிற கள்ளக்குறிச்சி ஜில்லாவில், நடு வயதைத் தாண்டிய பிரஜைகளுள் பலர் விடியற்காலையில் டீக்கடைப் பெஞ்சியில் வந்தமர்ந்து, "மாஸ்டர், சக்கரை இல்லாம ஒரு பிளாக் டீ" என்று சொல்லுகிறார்கள் என்பது, பொருளாதார நிபுணர்களும் சமூக சாஸ்திரிகளும் இதுகாறும் கவனியாது விட்ட ஒரு விந்தையாகும். கரும்பு பயிரிடுகிறவனே இனிப்பைத் துறக்க நேர்ந்த இந்நிலைமைக்கு வைத்தியர்கள் ஒரு காரணம் கூறுவார்கள். அக்காரணம் நம் விசாரணைக்கு உட்பட்டதன்று. நாம் நாடுவது பரிகாரம் ஒன்றையே. அப்பரிகாரம் ஒரு தகர டப்பாவில் அடைபட்டுக் கடல் கடந்து வந்தது என்பதும், அதன் தன்மையை முதலில் உணர்ந்தது நாக்கன்று, மூக்கே என்பதும், அம்மூக்கும் எம்முடையதன்று, அடுத்த வீட்டாருடையது என்பதும் இக்கட்டுரையில் முறையே நிறுவப்படும்.

இம்மாவட்டம் விழுப்புரத்திலிருந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி பிரிந்து தனியே இயங்கத் தொடங்கிய காலத்தில், நிலம், நீர், போலீஸ், வருவாய் ஆகிய சகல இலாகாக்களையும் பற்றிப் பேசிய பெரியோர், தேநீரின் வாசனையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நிரப்புவது இந்நூலின் பயன்.

பொருளின் இலக்கணம்

பலகார மணத் தேநீராவது, கறுத்த தேயிலையின்மீது வெனிலா, காய்ச்சிய பாகு, சாக்லேட், பாதாம் ஆகியவற்றுள் ஒன்றின் அல்லது பலவற்றின் மணத்தை ஏற்றி, சர்க்கரையை ஒரு மணியும் சேர்க்காமல் விற்கப்படும் சரக்கு. பறித்த தளிரை வாட விட்டு, உருட்டிக் கசக்கிக் காற்றாட வைத்தால், இலையின் சாறு பிராணவாயுவோடு கூடிச் செம்மையும் கருமையும் அடைகிறது. பிறகு சூடேற்றி உலர்த்துங்கால், வறுத்த தானியத்தையும் பாகையும் நினைவூட்டும் மணங்கள் இயல்பாகவே அதில் பிறக்கின்றன. கேக்கின் வாசனை பச்சைத் தேயிலையில் விருந்தாளியாக ஒதுங்கி நிற்க, கறுப்புத் தேயிலையில் மட்டும் சொந்தக்காரனைப்போல் உட்கார்ந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

அன்றியும், தேயிலைக்கு அயல் மணத்தை ஈர்த்துக்கொள்ளும் சுபாவம் மிகுதி. சீன தேசத்தார் மல்லிகை மொட்டுகளை இலையோடு கலந்து இரவு முழுவதும் வைத்திருந்து, பூவின் வாசனையை இலைக்கு மாற்றிக்கொள்ளும் வித்தையை வெகு காலமாகச் செய்து வருகிறார்கள். ஆங்கிலேயர் பெர்கமாட் என்னும் ஒருவகை நாரத்தையின் தைலத்தை ஏற்றி, எர்ல் கிரே என்று ஒரு பிரபுவின் பட்டத்தைச் சூட்டினார்கள். 1874-இல் டீமான், ஹார்மன் என்னும் ஜெர்மானிய ரசாயனிகள் இருவர், ஊசியிலை மரங்களின் சாற்றில் கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு வெனிலாவின் மணத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகு, கேக்கின் வாசனைக்குக் கேக்கு மட்டுமன்று, வெனிலாக் கொடியுங்கூட வேண்டியதில்லை என்றாயிற்று.

கண்டுபிடித்த வரலாறு

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் எம் மைத்துனர் மகன் கொணர்ந்து கொடுத்த அந்த டப்பாவின் மூடியில், ஒரு கேக்குத் துண்டின் படம் அச்சிட்டிருந்தது. உள்ளே கேக்கு இல்லை என்பதை அறிந்த குழந்தைகள் அதைக் கைவிட்டுவிடவே, அது ஆராய்ச்சியாளன் வசம் வந்து சேர்ந்தது. கொதித்த நீரில் இலையை இட்டு, தட்டால் மூடி, சிறிது பொழுது கழித்துத் தட்டை எடுத்த மாத்திரத்தில், அடுக்களைச் சன்னல் வழியே வெளியேறிய ஆவி மதிற்சுவரைக் கடந்து சென்றிருக்க வேண்டும், ஏனெனில் அப்புறத்திலிருந்து உடனே, "என்னக்கா, அதிரசமா சுடுறீங்க? நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கே!" என்று ஒரு குரல் கேட்டது.

இக்கேள்வியின் கனத்தை வெளியூர் வாசகர்கள் உணர்வதற்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைப்பது இப்பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். இடித்த பச்சரிசி மாவை வெல்லப் பாகில் சேர்த்து, ஏலமும் சுக்கும் தூவி, புளிக்க வைத்து, எண்ணெயில் பொரித்தெடுத்து, இரண்டு கரண்டிகளுக்கிடையே வைத்து எண்ணெயைப் பிழியும் அம்முயற்சியில் ஆண்டுதோறும் தேர்ந்த ஒரு ஸ்திரீயின் மூக்கு, எந்த நியாயஸ்தலத்திலும் ஏற்கத்தக்க சாட்சியம். அந்த அம்மையாரையே அழைத்து ஒரு தம்ளர் கொடுத்தோம். முகர்ந்தபோது மலர்ந்த முகம், பருகியபோது சுருங்கியது. "என்னக்கா இது, மணக்குது, இனிக்கலியே!" என்றார். நம் சாஸ்திரம் முழுவதற்கும் இந்த ஒரு வாக்கியமே மூல சூத்திரம். பின்வருவன எல்லாம் இதற்கு உரை.

பூர்வபட்சமும் சித்தாந்தமும்

மணத்தில் ஒன்றைச் சொல்லிச் சுவையில் வேறொன்றைத் தருவது வஞ்சனையாகாதோ என்பது பூர்வபட்சம். இதனை மறுக்கத் தர்க்க நூல் வேண்டியதில்லை. மூக்கு ஒன்றிருந்தால் போதும். இரு விரல்களால் நாசியை இறுகப் பிடித்துக்கொண்டு தேநீரை ஒரு வாய் பருகுக: கேக்கும் இல்லை, பாகும் இல்லை, சூடான துவர்ப்பு ஒன்றே நாவில் நிற்கும். விழுங்கிய பின் விரலை எடுத்து மூச்சை வெளியே விடுக: தொண்டையின் பின்வழியாக ஆவி மேலேறி, பலகாரக் கடை முழுவதும் ஒரே கணத்தில் திறந்துகொள்ளும். மூக்குக்கு வாசல் இரண்டு. முன்வாசலைப் பற்றியே உலகம் பேசுகிறது, பின்வாசல் வழியாகவே நாம் பெரும்பாலும் சாப்பிடுகிறோம். ஆகவே நாக்குக்கு எவரும் எதையும் வாக்களிக்கவே இல்லை. மூக்குக்கு எழுதிய பத்திரத்தில் பங்கு கேட்டு நாக்கு வழக்காடுகிறது என்பதே உண்மை.

அப்படியானால், இனிப்பே இல்லாத மணத்தை இனிய மணம் என்று சொல்லுவானேன் என்று மறுபடியும் வினவலாம். பழக்கமே விடை. மேல்நாட்டுக் குழந்தை வெனிலாவைச் சர்க்கரையோடன்றித் தனியே கண்டதில்லை. ஆதலால் வெனிலா மணத்தாலேயே அதற்கு நாக்கும் சற்று இனித்துப் போகிறது. நம் குழந்தை ஏலத்தைப் பாயசத்திலும், பச்சைக் கற்பூரத்தை லட்டிலும், வெந்த வெல்லத்தை அதிரசத்திலும் சந்திக்கிறது. அடுத்த வீட்டு அம்மையார் வெனிலாவைக் கடந்து சென்று, அதன் அடியிலிருந்த காய்ச்சிய பாகின் மணத்தைப் பற்றிக்கொண்டதும் இதனாலேயே. மேலும், அவர் தவறியும் போகவில்லை. சர்க்கரை தீயும் தறுவாயில் எழும் மணமும், கரும்புச்சாறு கொப்பரையில் நெடுநேரம் வெந்து பதம் வரும்போது எழும் மணமும் கிட்டிய உறவினரே. டப்பா கடல் கடந்து வந்தது. அதன் மணம் உள்ளூரிலேயே இருந்தது.

மலைப் பரிசோதனை

தரையில் நிறுவிய சித்தாந்தம் மலையிலும் செல்லுமா என்று பார்ப்பது ஆராய்ச்சி தர்மம். எனவே டப்பாவோடு கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடைந்தோம். இம்மலையின் பெயர் பெற்ற பொருள் தேயிலையன்று. தேனும் சாமையும் கடுக்காயும். உப்பு நீங்கலான ஐந்து சுவையும் கடுக்காய்க்கு உண்டு என்று வைத்திய நூல்கள் கூறும். அவற்றுள் துவர்ப்பே தலைமையானது. தோல் பதனிடுகிறவர்கள் கடுக்காயை நாடுவதும் அத்துவர்ப்பைக் கருதியே. தேநீரின் துவர்ப்பும் அவ்வினத்ததே: உமிழ்நீரிலுள்ள புரதத்தை அது இறுகப் பற்றுவதால் நாக்கு வறள்கிறது. பால் ஊற்றினால் பாலின் புரதம் அந்தப் பிடியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு நாவை விடுவிக்கிறது. பால் சேராத தேநீரைக் கண்டு அஞ்சுகிறவர்கள் ஒரு கடுக்காயை ஒருதரம் கடித்துப் பார்ப்பார்களாக. அதன் பிறகு எந்தத் தேநீரும் பால பாடமாகிவிடும்.

மலையில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. 2,700 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அந்த மூன்று பாகைச் சலுகையால் துவர்ப்பு சற்று மெலிகிறது என்று எம் நாக்கு கருதியது. எம் மூக்கு அபிப்பிராயம் கூற மறுத்துவிட்டது.

வெள்ளிமலைக் கடையொன்றில் வெந்நீர் மட்டும் கேட்டோம். கடைக்காரர் எம்மையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சார், டீக்கடைக்கு டீத்தூள் எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூசினாலும், ஆராய்ச்சியின் பொருட்டு அவருக்கும் ஒரு கண்ணாடித் தம்ளர் நீட்டினோம். அவர் உறிஞ்சவில்லை; தம்ளரை மூக்கருகே பிடித்து நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, அலமாரியிலிருந்து உருண்டை வெல்லத்தை எடுத்து உடைத்து, "வாசனை இருக்கு சார். இதைக் கொஞ்சம் கடிச்சுக்குங்க, சரியாப் போயிடும்" என்று ஒரு துண்டை எம் கையில் வைத்தார்.

வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பருகியபோது, முதலில் பாகு வந்தது. அதன்மேல் வெனிலா வந்தது. இரண்டும் மிகுந்து திகட்டும் தறுவாயில் தேநீரின் துவர்ப்பு வந்து நாவைத் துடைத்துவிட்டு, அடுத்த வாய்க்கு இடம் செய்தது. வழக்கு தீர்ந்தது, மூக்கின் பங்கு தம்ளரிலும், நாக்கின் பங்கு கன்னத்திலுமாகப் பாகம் பிரிந்தன. வைத்தியர் தடுத்திருப்பவர்கள் மட்டும் இரண்டாம் பங்கை விட்டுக்கொடுத்து முதற்பங்கோடு திருப்தியடையக் கடவர்.

அனுஷ்டான விதிகள்

முதலாவது, இலையை நீரோடு சேர்த்துக் கொதிக்க விடலாகாது. கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கி இலையை இட்டு, மூன்று நான்கு நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுக. மணம் ஆவியாதலின், மூடாத பாத்திரம் அண்டை வீட்டாருக்குச் செய்யும் தர்மமாகும்.

இரண்டாவது, டீக்கடைத் துணிப்பையில் வாழும் தூள் இதற்கு ஆகாது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறை 1930-களில் அஸ்ஸாமில் பரவத் தொடங்கியது. சீக்கிரம் சாயம் இறங்குவதும், பாலை எதிர்த்து நிற்பதும் அத்தூளின் குணங்கள். அந்த வலிமைக்கு முன் வெனிலா வாய் திறவாது. நீலகிரியில் விளையும் முழு இலை போதும்.

மூன்றாவது, வெளிநாட்டு உறவினர் இல்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. தட்டிய ஏலமும் சுக்கும் சேர்த்து, நீலகிரி இலையை ஒரு ஜாடியில் இறுக மூடிச் சில நாள் வைத்தால், சுபாவத்தின்படி இலை அம்மணத்தை ஏற்றுக்கொள்ளும். பாதி அதிரசம் வந்துவிட்டது. மறுபாதியாகிய வெல்லத்தை மட்டும் ஜாடிக்குள் இடலாகாது. அது காற்றின் ஈரத்தை இழுத்து இலையைக் கெடுக்கும். வெல்லத்தின் இடம் கன்னமே என்று வெள்ளிமலைக் கடைக்காரர் வகுத்த விதி இங்கே ரசாயனத்தாலும் உறுதிப்படுகிறது.

நான்காவதும் இறுதியானதுமான விதி, ஜாடியைப் பெருங்காய டப்பாவுக்கு அருகில் வைக்கலாகாது என்பது. அயல் மணத்தை ஈர்ப்பதில் தேயிலைக்கு உயர்வு தாழ்வு தெரியாது. அவ்விதம் பெருங்காயம் ஏறிய தேநீர் பலகார இயலில் அடங்காமல் ரச இயலில் சென்று சேர்வதால், அதனை ஆராயும் பொறுப்பை அத்துறை வல்லுநர்களுக்கே விட்டுவிடுகிறோம். அவர்கள் அழைத்தால் ருசி பார்க்க மட்டும் வரமாட்டோம்.