வானத்தின் சாவி யார் கையில்?

கேள்வி: ராக்கெட், செயற்கைக்கோள் எல்லாம் தனியார் கைக்குப் போனால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது?

பதில்: உக்ரைனைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை உள்ளே நுழைவதற்குச் சற்று முன், அங்கிருந்த வயாசாட் செயற்கைக்கோள் இணையத்தை சைபர் தாக்குதல் முடக்கிப்போட்டது. இரண்டு நாள் கழித்து உக்ரைன் அமைச்சர் ஃபெடோரோவ் ட்விட்டரில் எலான் மஸ்க்கிடம் உதவி கேட்டார். சில நாட்களில் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க்கின் ஆன்டெனாக்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. ராணுவ டெண்டர் என்றால் அதற்குள் கோப்பே மேசை மாறியிருக்காது!

ஆனால் அதே ஆண்டு, கிரைமியாவில் ரஷ்யக் கடற்படையைத் தாக்க உக்ரைன் ஸ்டார்லிங்க் இணைப்புக் கேட்டபோது மஸ்க் மறுத்துவிட்டார். ஓட்டு வாங்காத முதலாளி ஒரு நாட்டின் போருக்கு எல்லை போடுகிறார். எனக்கு இது அச்சமாகவே இருக்கிறது. தனியார் தாராளமாக வரட்டும். ராணுவத்துக்கான செயற்கைக்கோள் மட்டும் அரசின் கையில் இருந்தே ஆகவேண்டும்.