அன்டெஃபுக்கு என்ன நிறம்?

பிரிண்ட் போட்டுப் பார்ப்பது நிரல் எழுதுவோரின் பாட்டி வைத்தியம். கணக்கு எங்கோ உதைக்கிறதென்றால், சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு பிரிண்ட் வரியைச் செருகி, மாறிக்குள் உண்மையில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். பெர்ல் மொழியில் இதற்கென்றே குருசாமி சாரதி எழுதிய டேட்டா டம்ப்பர் உண்டு. மொழியை நிறுவினால் அதுவும் கூடவே வந்துவிடும். நிறமில்லை, அலங்காரமில்லை, கேட்டதைக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உலகத்தில் பெரும்பாலோருக்கு அது போதும். நம் நிரலாளர் ஒருவருக்குப் போதாது. அவர் கைக்கொண்டிருப்பது டேட்டா பிரிண்டர் என்ற பிந்தைய மாட்யூல். அதே தகவலை, எண்ணுக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டும். மெட்டீரியல், மோனோகாய், சோலரைஸ்டு, கிளாசிக் என நான்கு தீம்களை அதுவே தருகிறது. நான்கையும் அவர் போட்டுப் பார்த்தார். நான்கிலும் குறை. ஆகவே ஐந்தாவதைத் தாமே படைக்க உட்கார்ந்துவிட்டார். தேடிக்கொண்டிருந்த பிழை அப்படியே இருக்கிறது. அது எங்கேயும் ஓடிவிடாது என்பது அவருடைய நம்பிக்கை.

இந்த வேலை எவ்வளவு ஆழமானது என்பது வெளியாருக்குத் தெரியாது. ஸ்ட்ரிங், எண், ஹாஷ், அர்ரே ஆகியவற்றுக்கு நிறம் வைத்தால் முடிந்தது என்று நினைப்போம். அடைப்புக்குறிக்குத் தனி நிறம் வைக்கலாம், நடுவில் வரும் காற்புள்ளிக்குத் தனி நிறம் வைக்கலாம், மேற்கோள் குறிக்கு இன்னொன்று. மேற்கோள் குறி தான் அணைத்திருக்கும் எழுத்தைவிட ஒரு மாற்று மங்கலாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய டெர்மினல்களில் 8 நிறங்கள்தாம் இருந்தன. சிவப்பென்றால் சிவப்பு, பேச்சில்லை. பிறகு 16 ஆயிற்று, 256 ஆயிற்று. இன்றைய டெர்மினல் 1,67,77,216 நிறங்களைக் காட்டும். சேலையோடு பிளவுஸ் துணியை வைத்துக் கடை கடையாக ஏறி இறங்குகிறவருக்குக்கூட எட்டு மணிக்குக் கடை அடைப்பார்கள் என்ற ஒரு கட்டுப்பாடு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

நேரத்தைப் பாழாக்குகிறார் என்று இவரை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. நிறத்தால் உண்மையான பயன் ஒன்று இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பதிவை அச்சிட்டால் சில நூறு வரிகள் வரும். பெயர் இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அன்டெஃப் என்று நிற்கிறது. அதாவது மதிப்பே வைக்கப்படவில்லை. கறுப்பு வெள்ளையில் இந்தச் சொல் மற்ற சொற்களோடு சொல்லாகக் கலந்து கிடக்கும். கண் வழுக்கிப் போய்விடும். பளிச்சென்ற சிவப்பில் இருந்தால் திரையை வேகமாக உருட்டும்போதே கையைப் பிடித்து நிறுத்தும். வரி முறிவைக் குறிக்கும் பின்சாய்வுக்கோடும் என் எழுத்தும் தனி நிறத்தில் தெரிந்தால், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த வரி முறிவு உடனே அகப்படும். டம்ப்பரும் ஸ்ட்ரிங்குக்கு மேற்கோள் போடுகிறதே, நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி சரி. தகவல் அங்கும் இருக்கிறதுதான். ஆனால் ஒரு தகவல் பக்கத்தில் இருப்பதும் அது கண்ணில் படுவதும் ஒன்றல்ல. பிழை தேடுகிறவர் வரி வரியாக வாசிப்பதில்லை, மேய்கிறார்.

அப்படியானால் இவர் செய்வது சரிதானே என்று அவருடைய நண்பர்கள் எழுந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மேலே சொன்ன பயன் முழுவதும் இரண்டு மூன்று நிறங்களில் அடங்கிவிடுகிறது. அன்டெஃப் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், ஒளிந்திருக்கும் எழுத்துகள் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் அடங்கிக் கிடக்க வேண்டும். இதை முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஏராளம். நம்மவரும் ஐந்து நிமிடத்தில்தான் முடித்தார். மீதி மூன்று நாளும் காற்புள்ளிக்குப் போயிற்று. அதைவிட மோசம், ஒவ்வொன்றுக்கும் அழகான நிறம் கொடுத்துக்கொண்டே போனதில் எல்லாமே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அன்டெஃப் மறுபடியும் கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. கண்ணுக்கு இதமாக இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஈதன் ஷூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்டு அந்த இதத்துக்காகவே அளந்து செய்யப்பட்டது. 16 நிறங்கள், இருண்ட பின்னணி, வெளிர் பின்னணி இரண்டிலும் அதே வண்ணங்கள் எடுபடும். இலவசமாகவும் கிடைக்கிறது. அதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் அவர் சொல்லும் காரணம் எதுவாயினும், உண்மைக் காரணம் ஒன்றுதான்: அது வேறொருவர் செய்தது. பிழை இவர் சொல் கேட்பதில்லை, மேலாளர் கேட்பதில்லை, சோதனைக் குழு கேட்கவே கேட்காது. அந்த அலுவலகத்தில் சொன்ன மாத்திரத்தில் மாறுகிற ஒரே ஜீவன் காற்புள்ளி.

இது அவரோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நிற்பதில்லை. வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் கோப்புக்குப் போகிறதென்றால் நிறத்தை நிறுத்திக்கொள்ளும் புத்தி டேட்டா பிரிண்டருக்கு இயல்பாகவே உண்டு. நம்மவர் அமைப்புக் கோப்பில் அந்தப் புத்தியை அணைத்து, எப்போதும் நிறம் என்று எழுதி வைத்திருக்கிறார். விளைவு, அவர் அனுப்பும் லாகைத் திறப்பவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு சதுர அடைப்புக்குறியும் 38;2;249;38;114 போன்ற எண் வரிசையும் காத்திருக்கும். அது மோனோகாயின் இளஞ்சிவப்பு. அவருக்குத் தெரியும், பார்த்தாலே பெயர் சொல்லுவார். கிடைத்தவருக்கு அது செல்லரித்த கோப்பு. இன்னொரு சங்கடமும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். ஸ்ட்ரிங்குக்குப் பச்சை, அன்டெஃபுக்குச் சிவப்பு என்று இவர் வைத்த தீமை அப்படிப்பட்ட சக ஊழியரின் திரையில் போட்டால், ஒன்றரை கோடிக்கு மேற்பட்ட நிறங்களிலிருந்து பொறுக்கியெடுத்த அந்த இரண்டும் அவருக்கு ஏறக்குறைய ஒரே பழுப்பாகத் தெரியலாம். தடித்த எழுத்தோ அடிக்கோடோ இருந்தால் இருவருக்குமே தெரிந்திருக்கும். ஆனால் அடிக்கோட்டில் சாயல் பார்க்க வழியில்லை என்பதால் அது அவர் கவனத்துக்கு வரவில்லை.

இப்போது கூட்ட அறையில் புரொஜெக்டரைப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. பின்னணி வெள்ளை. அவருடைய இளம்பச்சை ஸ்ட்ரிங்குகள் அத்தனையும் சுவரோடு சுவராகிவிட்டன. அடைப்புக்குறிகள் மட்டும் தனியாக நிற்கின்றன, உள்ளே ஒன்றுமில்லாமல். பின்கோடு ஏன் வரவில்லை என்று மேலாளர் கேட்கிறார். நம்மவர் காதில் அது விழுந்த மாதிரி இல்லை. தீம் கோப்பைப் பிரதியெடுத்து, பெயருக்குப் பின்னால் லைட் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்.