பின்னுக்குப் போற சேர்

கல்முனைப் பக்கத்தில் எந்தச் செயலமர்வுக்குப் போனாலும் அவர் இருப்பார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, இப்போது வளவாளர். மாணவர் ஒழுக்கம், டெங்கு ஒழிப்பு, சுனாமி முன்னாயத்தம் என்று தலைப்பு மாறும். பென் டிரைவ் மாறாது. கிறாஅத் முடிந்து, தலைமையுரையும் ஒருவழியாய் முடிந்து, மல்டிமீடியாக்காரத் தம்பி வயரைப் பிடுங்கிக் குத்திச் சுவரில் வெளிச்சம் விழுந்ததும் சேர் எழும்புவார். முக்கால் மணிநேரப் பேச்சுக்கு 64 ஸ்லைட்.

முன்னுக்குப் போகிற வரைக்கும் பிழையில்லை. ஒரு வரி பறந்து வரும், இன்னொன்று சுழன்று வரும், சபையும் பொறுத்துக்கொள்ளும். ஐம்பத்திரண்டாவதில் சேர் நிற்பார். "முதல்ல ஒரு படம் காட்டின நான், அத இன்னொருக்காப் பார்ப்பம்."

அந்தப் படம் ஏழாவது ஸ்லைடில் இருக்கிறது.

இடப்பக்க அம்புக்குறியில் விரல் விழும். பறந்து வந்த வரிகள் ஒவ்வொன்றாய் மறையும். ஸ்லைட் மாறுவதற்கே ஐந்தாறு தட்டு. சும்மாவும் தட்டமாட்டார். "இது பார்த்த... இதும் பார்த்த... ஆ, இதுல ஒண்டு சொல்ல மறந்துட்டன்!" அவசரத்தில் எஸ்கேப்பை அமத்தினால் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் சுவரில் ஏறும். பதறிப்போய் எஃப்5 தட்டுவார். ரோசாப்பூவோடு முதல் ஸ்லைட் மறுபடி ஸலாம் சொல்லும். சபையும் மரியாதைக்குப் பதில் சொல்லும்.

இத்தனைக்கும் ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்தில் இதே சேர் கட்டுக்குள் கைவிட்டு ஏழாம் தாளை உருவி வைத்த கெட்டிக்காரர். 1987இல் மெக்கின்டொஷுக்கு வந்த முதல் பவர்பொயின்டும் அந்தத் தாள்களை அச்சடித்துக் கொடுக்கத்தான் பெரும்பாலும் உதவியது. தாள் போனது, உருவுகிற கையும் போய்விட்டது.

ஒருநாள் தம்பி காதோடு சொன்னான்: "சேர், 7 அமத்திப்போட்டு என்டரத் தட்டுங்க. நேரா அங்க போகும்."

"தெரியும் மகன். பாய்ஞ்சு போனா நடுவுல இரிக்கிறதெல்லாம் என்ன பாவம் செஞ்ச?"

அங்கேதான் ஆள் பிடிபடுகிறார். வழி தெரியாமல் அவர் தடுமாறவில்லை. ராவிராவாய் முழித்துச் செய்த ஸ்லைட்களை ஊர் இரண்டாந்தரம் பார்க்கக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு இந்தத் திரும்பிவரும் பயணம். அதை ஓர் என்டருக்கு விட்டுக்கொடுக்க அவருக்கென்ன விசரா?

கடைசியில் கேள்வி நேரம். சாப்பாட்டுப் பார்சல் வந்து இறங்கி, மணம் மண்டபத்தைச் சுற்றுகிறது. ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பது மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தெரிந்த விஷயம். சேர் அதை, எல்லாருக்கும் நல்லா விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்.

போன முறை மட்டும், புது நியமனத்தில் வந்த ஓர் ஆசிரியை கையை உயர்த்திவிட்டார்.

"சேர், அந்த மூணாவது ஸ்லைட்ல..."

முன்வரிசை அதிபர் ஒருவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.