மேலூர் வட்டாரத்தில் பகல்தூக்கம் இன்மை: ஒரு கள ஆய்வு

ஆய்வு நோக்கம்

மதியச் சோற்றுக்குப் பிறகு மேலூர் வட்டார வீடுகளில் எவரும் தூங்குவதில்லை என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும், குறட்டை தெருமுனை வரை கேட்கும். ஆயினும் எழுப்பிக் கேட்டால், "நான் எங்க தூங்குனேன்?" என்பார்கள். களப்பணியில் தகவலாளி கூறுவதே முதன்மைச் சான்று. ஆகவே தூங்கவில்லை.

ஆய்வெல்லை

வடக்கே கருங்காலக்குடி, தெற்கே திருவாதவூர், கிழக்கே கீழவளவு, மேற்கே அழகர்கோயில். கால எல்லை, கடைசி வாய் மோர்ச்சோறு முதல் டீக்குப் பால் பொங்கும் வாசம் வரை. பெரியாறு அணை 1895-இல் திறந்த பிறகும் கள்ளந்திரிக்குக் கீழே ஒருபோகம்தான் என்பதால், கால்வாய் காய்ந்து கிடக்கும் மாதங்களில் தரவுகள் மலிந்து கிடக்கும். தண்ணீர் வரும் மாதங்களில் ஆய்வாளனையே மண்வெட்டி கொடுத்து வரப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

தொன்மைச் சான்றுகள்

இவ்வட்டாரக் குன்றுகளில் சமணத் துறவியருக்காக வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டைச் சற்றே உயர்த்தித் தலையணை போலச் செதுக்கியிருப்பதும் உண்டு. மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் இருக்கிறது. கணிநந்தன் என்ற துறவியின் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவின் பெயரும் இருக்கின்றன. யாருக்கு யார் கொடுத்தார் என்று இவ்வளவு அக்கறையாகப் பொறித்தவர்கள், அங்கே யாராவது தூங்கினார் என்று ஓரெழுத்துக்கூட வெட்டவில்லை. ஆக, 2,200 ஆண்டுகளாக மேலூர் வட்டாரத்தில் படுக்கைக்குச் சான்று உண்டு, தூக்கத்துக்கு இல்லை.

இம்மரபு இன்றும் அறுபடவில்லை. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு 'சிங்கப்பூர் மாமா கட்டில்' என்றே பெயர். கொடுத்தவர் பெயர் நிலைத்துவிட்டது. அதில் கிடப்பவர் யாரென்று கேட்டால் வீடே கூரையைப் பார்க்கிறது.

கீழவளவுக் கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாக உள்ளன. கல்வெட்டியலார் சொல்லும் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். உளிக்காரர் மல்லாந்து படுத்துக்கொண்டே வெட்டினார் என்று ஏன் கொள்ளக் கூடாது? ஓர் எழுத்தின் மேல் இருப்பது புள்ளியா, பாறைக் கீறலா என்று பேசிப் பேசியே பேச்சுவார்த்தை அற்றுப்போகிற துறையில், அந்தக் கற்படுக்கையில் ஒரு மதியம் படுத்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

வகைப்பாடு

அ. சாய்தல்: ஆண்களுக்கு உரியது, நாளிதழ் முகத்தின் மேல் கிடக்கும்.

ஆ. கட்டையைக் கிடத்துதல்: வெயிலில் உழைத்து வந்தவர்களுக்கு உரியது. இதை ஆய்வது பாவம்.

இ. டங்ஸ்டன் விழிப்பு: 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் சுற்றூர்களிலும், டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தாகும் வரை இரவிலும் தூக்கமில்லை. அது தனி ஆய்வு.

ஈ. காவல்: இதுவே விரிவாக ஆராயத்தக்கது. முற்றத்தில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் காயப்போட்டுவிட்டு, திண்ணையில் அப்பத்தா காவலுக்கு அமர்வார். அமர்வு சாய்வாகும், சாய்வு கிடையாகும். பனையோலை விசிறி முதலில் விறுவிறுவென்று வீசும். பிறகு எப்போதாவது ஒருமுறை அசையும். பிறகு நெஞ்சின் மேல் படிந்து மூச்சோடு ஏறி இறங்கும். இந்நிலையில் ஒரு கோழி வேட்டியின் ஓரத்தில் கால் வைத்தால், கண் திறக்காமலே "ச்சூ!" என்பார். குறட்டை அறுபடாது. கோழி ஓடிவிடும். தூங்கியிருந்தால் கோழி வந்தது எப்படித் தெரியும்? (அப்பத்தா, நேர்காணல், கண் மூடிய நிலையில்.)

இதைச் சரிபார்க்க இன்னொரு சோதனையும் செய்யப்பட்டது. அப்பத்தா குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில் டீவி அமர்த்தப்பட்டது. உடனே, "எதுக்குடா அமத்துன? நான் பாத்துக்கிட்டுல்ல இருக்கேன்!" கதை கேட்டபோது, "அந்த மாமியாக்காரி அழுகுறா" என்றார். எந்தத் தொடருக்கும் எந்த நாளுக்கும் பொருந்துகிற விடை. (அப்பத்தா, மேற்படி, மறுப்புரை: சித்தப்பா, கயிற்றுக் கட்டில், இரு குறட்டைகளுக்கு இடைப்பட்ட காலம், மறுப்புக்கு மறுப்பு: அப்பத்தா, 'எனக்குத் தெரியாதாக்கும்', திருத்திய மூன்றாம் பதிப்பு, மோர் குடித்தபின் வெளியிடப்பெற்றது. முதலிரு பதிப்புகளின் வசைச்சொற்கள் பேரப்பிள்ளைகள் நலன் கருதி நீக்கப்பெற்றன. பின்னிணைப்பு: ஆய்வாளனுக்கு வேலைவெட்டி உண்டா என்பது குறித்த ஐயங்கள்.)

தடையும் விடையும்

"குறட்டை தூக்கத்தின் அறிகுறி ஆயிற்றே?" எனில், அன்று. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளில் புறத்தேர்வாளரிடமிருந்தும் அவ்வொலி எழுவதுண்டு. அதை ஆழ்ந்த கவனம் எனக் கொண்டு பட்டமும் வழங்கப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நியாயம், திண்ணைக்கு ஒரு நியாயமா?

"தூங்கவில்லை என்றால் வீடு ஏன் அடங்கிக் கிடக்கிறது?" இது வலுவான தடை. அந்நேரத்தில் மிக்சி ஓடாது. பிள்ளைகளின் கூச்சல் தெருவுக்குப் போய்விடும். பெரியப்பா மகன் புல்லட்டை முக்கிலேயே அணைத்து உருட்டிக்கொண்டு வருவான். மீன்காரர்கூட எங்கள் வாசலைத் தாண்டித்தான் கூவுவார். விழித்திருக்கும் ஒருவரின் விழிப்பு கலைந்துவிடக் கூடாதென்று ஒரு வீடே கால் ஓசைப்படாமல் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரம்தான் வீட்டில் யாரும் யாரையும் எதற்கும் விரட்டுவதில்லை.

இதில் விடுபட்ட தரவு ஒன்று உண்டு. எல்லோரும் தூங்காத அந்நேரத்தில், சோற்றுப்பானை கழுவி, வத்தலைத் திருப்பிப் போட்டு, மாவுக்கு ஊறப்போட்டு, மெய்யாகவே தூங்காதவர் அம்மா ஒருவரே. "தூங்குனியாம்மா?" என்று அவரை எவரும் கேட்டதில்லை. கேள்வி இல்லாததால் வாக்குமூலமும் இல்லை.

முடிவும் பரிந்துரையும்

மேலூர் வட்டாரத்தில் பகல்தூக்கம் இல்லை என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. இவ்வசதி அம்மாவுக்கும் உரியது என்பதால், அவரும் அன்றாடம் ஒரு மணி நேரம் தூங்காமல் இருக்கும்பொருட்டு, நாலு மணி டீயைச் சித்தப்பா போட வேண்டுமெனப் பரிந்துரைக்கப்படுகிறது. அவர் இதற்கு மறுப்பேதும் தெரிவிக்கவில்லை. பரிந்துரையைச் சொன்னபோது கயிற்றுக் கட்டிலில், புறத்தேர்வாளர் நிலையில் இருந்தார்.